ஆடம்பர மின்சாரக் காரும் கொம்யூன் சாலையும்

சென்ற சில ஆண்டுகளாக ஆடம்பர மின்சார மோட்டார் கார்கள் நமது நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறி வருகின்றன. 2022 செப்டம்பரில் மெர்ஸிடிஸ் கம்பெனியார் புனே நகருக்கடுத்த சாகனில் பூட்டிய மின்சாரக் காரை 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2024 நவம்பரில் மஹிந்திரா கம்பெனியார் தமது இரு புதிய மின்சாரக் கார்களைச் சென்னையில் வெளியிட்டனர். அவற்றின் ஆரம்ப விலை 18 லட்சத்து 90 ஆயிரம் முதற்கொண்டது. 2025 ஜனவரியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் செங்கற்பட்டுப் பக்கத்துத் தமது தொழிற்சாலையில் கூட்டிய கார் 49 லட்சத்திற்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க டெஸ்லா பம்பாயில் கடை திறந்து 59 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய் விலை கூறிற்று. ஆகஸ்டில் வியத்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனியாரின் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. மஹிந்திராவின் ஆராய்ச்சிச் சாலையும் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும் நமது புதுச்சேரிக்கு வடக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன. ஆதலின் இவை எங்கோ நடக்கும் அதிசயங்கள் என்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

இவ்வண்டிகள் அன்றாடம் வண்டியோட்டும் சாமானிய ஜனங்களுக்கு ஏற்றவையாக வந்துவிட்டனவா என்பது பலரும் கேட்கும் கேள்வி. வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் நின்று கொண்டு இக்கேள்விக்கு விடை தேடுவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், விளம்பரத்தில் காணும் வண்டி வழவழப்பான எட்டு வழிச் சாலையில் ஓடுகிறது. நமது ஜனங்களின் வண்டியோ சங்கராபரணிப் பாலத்திலும், ரயில்வே கேட்டிலும், கரும்பு டிராக்டரின் பின்னாலும், பாகூர் ஏரிக்கரையிலும் ஓடவேண்டும்.

மின்சாரக் கார் புதிய சரக்கு என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன் முதலாகத் தாண்டிய மோட்டார் வாகனம் மின்சாரத்தில் ஓடியதேயாகும். 1899-இல் பாரிஸ் நகருக்கு அருகில் காமில் ஜெனாட்ஸி என்பவர் அதை ஓட்டினார். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனவந்தர் வீடுகளில் மின்சாரக் கார் செல்லமாக வளர்ந்தது. 1908-இல் ஹென்றி போர்டு சாமானியனுக்கென்று மலிவான பெட்ரோல் காரை இறக்கியதும், 1912-இல் கைப்பிடி சுற்றாமல் என்ஜினைக் கிளப்பும் கருவி வந்ததும், மின்சாரக் கார் மறைந்தொழிந்தது. தனவந்தரோடு மட்டும் உறவு கொண்ட வண்டி அன்று பிழைக்கவில்லை என்பதை மட்டும் இங்கு குறித்து வைத்து மேலே செல்வோம்.

யந்திரம் என்ற அளவில் இவ்வண்டிகளில் பெருங் குறையேதும் கூறுவதற்கில்லை. ஓசையில்லை, புகையில்லை, மிதித்த மாத்திரத்தில் பாய்கின்றன, கியர் மாற்றும் தொல்லையில்லை. ஒரு முறை மின்னேற்றினால் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனிகள் பறைசாற்றுகின்றன. பரிசோதனைச் சாலையின் கணக்கிற்கும் நமது வெயிலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டும் கணக்கிற்கும் வேற்றுமை உண்டு. அதைக் கழித்தாலும் நானூறுக்குக் குறையாதென்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் இந்த நானூறு கிலோமீட்டர் நமக்கு எதற்கு? வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 10 கிலோமீட்டர். பாகூரிலிருந்து சுமார் 20. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்மணியும், விடியற்காலையில் பால் கொண்டுபோகும் குடியானவரும், பாகூரிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போகும் மாணவரும் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது அபூர்வம். அந்த ஓட்டத்திற்கு 17 யூனிட் கொள்ளும் சிறு பாட்டரியே போதும். அத்தகைய பாட்டரியுடன் 2023-இல் எட்டு லட்சத்திற்குட்பட்ட விலையில் ஒரு குட்டிக் கார் வந்துமிருக்கிறது. ஆடம்பர வண்டியோ 60 முதல் 108 யூனிட் வரை கொள்ளும் பாட்டரியைச் சுமந்துகொண்டு, இரண்டு டன், இரண்டரை டன் எடையுடன் வருகிறது. என்றோ ஒரு நாள் சென்னைக்குப் போய்த் திரும்புவதற்காகத் தினந்தோறும் குதிரைச் சுமையைச் சுமப்பது போன்றது இது. அந்தச் சுமைக்கும் சேர்த்தே விலை கொடுக்கவேண்டும்.

இனி மின்னேற்றும் விஷயத்திற்கு வருவோம். இங்கேதான் முட்டுக்கட்டை அதிகம். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 79 யூனிட் பாட்டரி முழுவதும் நிரம்ப இருபத்தாறு மணி நேரம் பிடிக்கும். இரவோடிரவாக ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் மணிக்கு ஏழு யூனிட் ஏற்றும் பெட்டியைச் சுவரில் பதிக்கவேண்டும். அதற்குத் தடித்த ஒயரும், நல்ல எர்த்தும், மின்துறையாரிடம் கூடுதல் பளுவுக்கு அனுமதியும் வேண்டும். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு மிக்ஸி என்று மாதம் நூறு யூனிட்டுக்குள் கணக்கை முடிக்கும் குடும்பங்கள் நிறைந்த தெருவில், அக்குடும்பம் ஒரு மாதத்தில் செலவிடும் மின்சாரத்தை ஒரே இரவில் ஒரு வண்டி குடித்துவிடும். வில்லியனூரிலும் பாகூரிலும் 230 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் இருக்கின்றன. மின்சாரம் நமது வயல்களின் மேலேதான் போகிறது. ஆயினும் அது கடைசித் தெருவின் கடைசிக் கம்பத்தை அடையும்போது விளக்கு மங்கலாக எரிகிறது. பழைய டிரான்ஸ்பார்மரும், மெல்லிய கம்பியும், நீண்டுபோன இணைப்பும் இதற்குக் காரணம். இத்தகைய தெருவில் ஒரு பெரிய கார் மின்னேற்றத் தொடங்கினால் அண்டை வீட்டுப் பம்புசெட்டு இரையும். மூன்று கார்கள் தொடங்கினால் தெருவே இருளும்.

நகரத்தில் பொது மின்னேற்ற நிலையம் இருக்கிறதே என்பார்கள். பாகூருக்குப் போகும் வழியில் ஓர் ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி, மீண்டும் தமிழ்நாடு என்று பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் விட்டுச்சென்ற எல்லை இன்றும் பின்னிக் கிடக்கிறது. இரண்டு அரசு, இரண்டு மின்துறை, இரண்டு கட்டணம். வண்டிக்காரர் எந்த எல்லையில் நின்று எந்தக் கட்டணத்தில் ஏற்றுவது என்பதை ஒரு வக்கீலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரக்கூடாது. எமது தொழிலுக்கு அது லாபமாயினும் சொல்கிறோம்.

மழையை மறந்து நமது பிரதேசத்தில் எந்த வண்டியைப் பற்றியும் பேசலாகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதினாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை புரண்டு, சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. நல்ல பாட்டரிகள் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தில் செய்யப்படுகின்றன. நமது வெள்ளம் அரை மணியில் வடிவதன்று. மேலும் கடற்கரையோரக் கிராமங்களில் உப்புத் தண்ணீர் புகுமானால் அபாயம் வேறு விதமானது. 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலின்போது கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து சில நாட்களுக்குப் பிறகு தாமாகவே தீப்பற்றின. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர், புதுச்சேரிக் கிராமங்கள் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், இருளில் கிடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்சென்றது பெட்ரோல் டின்னில் ஓடிய வண்டிதான்.

புதிய வண்டிகளின் சில நாகரிகங்களும் சாமானியனுக்கு இடைஞ்சலானவை. கதவின் கைப்பிடி உள்ளே மறைந்திருக்கும்; மின்சாரம் உண்டானால்தான் வெளியே வரும். விபத்தில் மின்சாரம் அறுந்தால் வெளியிலிருப்போர் கதவைத் திறக்க வழியில்லை. சீனாவில் இத்தகைய துன்பங்கள் நேர்ந்தபின், யந்திர ரீதியாகத் திறக்கும் கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் 2025-இல் விதிகளின் முன்வரைவை வெளியிட்டனர். துடைப்பானையும் விளக்கையும் கண்ணாடித் திரையைத் தடவித் தடவித் தேடும் ஏற்பாட்டை ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையாளரும் 2026 முதல் மதிப்பெண்ணில் குறைக்க முடிவு செய்தனர். மழை இரவில் வில்லியனூர்க் கடைத்தெருவில் எதிரே மாடு வரும்போது துடைப்பான் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று திரையில் தேடுவது நல்ல வண்டியோட்டிக்கு அழகாகாது.

கிராமத்தார் புதுக் கார் வாங்குவது குறைவு. பட்டணத்துக் கனவான் ஐந்து வருஷம் ஓட்டிக் கழித்ததையே வாங்குகிறார்கள். ஆகையால் அன்றாட வண்டியோட்டிக்கு ஒரு வண்டி ஏற்றதா என்பதை அதன் மூன்றாவது உடைமையாளரிடம் கேட்க வேண்டும். பெட்ரோல் காரின் என்ஜினைக் காதால் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் நமது ஊரில் உண்டு. பாட்டரியின் நோயைக் காதால் கேட்க முடியாது. உத்தரவாதப் பத்திரத்தையேனும் நம்பலாமா என்றால், அதை வக்கீல் கண்கொண்டு படிக்கவேண்டியிருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியார் பாட்டரிக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் அறிவித்தனர். அது முதலிற் பதிவு செய்துகொண்ட உடைமையாளருக்கு மட்டுமே என்பது அடுத்த வரியிலிருந்தது. அடுத்தவருக்கு ஆண்டுக் கணக்கும் கிலோமீட்டர்க் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் வாடகைக் கார் நடத்தும் ஹெர்ட்ஸ் கம்பெனியார் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுத் தொலைக்க 2024 ஜனவரியில் தீர்மானித்தார்கள். கேள்வி குறைவு, ரிப்பேர்ச் செலவு அதிகம் என்பது அவர்கள் கூறிய காரணங்கள். பணம் படைத்த கம்பெனிக்கே தாங்காதது, பாகூர் விவசாயியின் கையில் வந்து சேரும்போது என்னாகும்?

இதுவரை கூறியன வாங்குவோர் விற்போர் சம்பந்தப்பட்டவை. தமது சொந்தப் பணத்தில் ஒருவர் எந்த வண்டியை வாங்கினாலும் கேட்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் பொதுப் பணம் அதிற் கலந்திருக்கிறது. நாம் பேனாவை எடுத்ததே அதற்காகத்தான்.

2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனங்களுக்குச் சரக்கு சேவை வரி 5 சதம். விலை எட்டு லட்சமாயினும் சரி, ஒன்றரைக் கோடியாயினும் சரி, அதே 5 சதம். 2025 செப்டம்பர் 22-இல் வரி விகிதங்கள் திருத்தப்பட்டபோது சிறிய பெட்ரோல் காருக்கு 18 சதமும் பெரிய காருக்கு 40 சதமும் விதித்தார்கள். விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்கு வரியை உயர்த்தலாம் என்று மந்திரிகள் குழுவொன்று யோசனை சொல்லியும் அது ஏற்கப்படவில்லை. விளைவு யாதெனில், சிறிய பெட்ரோல் கார் வாங்கும் பள்ளி ஆசிரியர் 18 சதம் கட்டுகிறார்; ஒரு கோடி மதிப்புள்ள மின்சாரக் கார் வாங்கும் சீமான் 5 சதம் கட்டுகிறார். அவ்வண்டி பெட்ரோலில் ஓடியிருந்தால் 40 லட்சம் வரி. மின்சாரத்தில் ஓடுவதால் 5 லட்சம். ஒரு வண்டிக்கு 35 லட்சம் ரூபாய் பொக்கிஷத்திற்கு வாராமற் போகிறது. வீட்டில் இடமில்லாதவர் பொது நிலையத்தில் மின்னேற்றிக்கொள்ளும்போதோ, அக்கட்டணத்தின் மீது 18 சதம் வரி. சொந்த வீட்டில் ஏற்றுபவருக்கு அந்த வரி கிடையாது.

சாமானியர் ஏறும் இருசக்கர வண்டிக்குச் சர்க்கார் செய்த உதவியையும் பாருங்கள். 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டத்தில் மின்சார ஸ்கூட்டருக்கு முதலாண்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய். இரண்டாமாண்டில் அது 5,000 ஆகக் குறைந்தது. அதே 2024 மார்ச்சில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கென்று ஒரு சலுகை அறிவித்தார்கள்: இந்நாட்டில் 4,150 கோடி முதலிட்டால், ஆண்டுக்கு 8,000 கார்கள் வரை 15 சதச் சுங்கத்தில் இறக்குமதி செய்யலாம். அந்தச் சலுகைக்குக் காரின் விலை 35,000 டாலருக்குக் குறையலாகாது என்பது நிபந்தனை! மலிவான காருக்குச் சலுகையில்லை, விலையுயர்ந்ததற்கு உண்டு.

வரியை விட்டுக்கொடுப்பது நமது பாகூருக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று கிராமங்கள் வரியின்றி விடப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அவ்வருவாய் பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்திற்கு, அதாவது பலரும் பயிலும் கல்விச்சாலைக்குச் சென்றது. பிற்காலத்திலோ புதுச்சேரியில் வரி மிச்சம் பிடிக்கும் கலை வேறு திசையில் வளர்ந்தது. வெளி மாநிலத்துச் செல்வர்கள் இங்கே குடியிருப்பதாக விலாசம் காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது. நமது பெயர்ப்பலகை மாத்திரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நமது சாலை வேண்டியிருக்கவில்லை.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் செய்ததென்ன? மின்சாரக் கார்களுக்கு வரியே இல்லாமல் வைத்திருந்த நார்வே, 2024-இல் புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு நெருங்கிய பங்கை மின்சாரமாக்கிவிட்டது. அந்த நாடே 2023 ஜனவரி முதல், ஐந்து லட்சம் குரோனுக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு 25 சத வரி விதித்தது. நமது பழைய ஆட்சியாளரான பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி சென்றனர். 2024 ஜனவரியில், குறைந்த வருமானமுள்ள, வேலைக்காக நீண்ட தூரம் காரோட்டும் குடும்பங்களுக்கு மாதம் சுமார் 100 யூரோ வாடகையில் மின்சாரக் கார் கொடுத்தார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தால் பாகூர்வாசி தேறிவிடுவார். விண்ணப்பங்கள் குவிந்து, ஆறே வாரத்தில் அவ்வாண்டுக்குரிய திட்டத்தை மூடவேண்டியதாயிற்று.

முதலில் செல்வர் வாங்கினால்தான் பின்னர் ஏழைக்கு மலியும் என்று சிலர் வாதிப்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. டெஸ்லாவும் 2008-இல் விலையுயர்ந்த விளையாட்டுக் காரில்தான் தொடங்கிற்று. தொழிற்சாலைகளால் செங்கற்பட்டிலும் தூத்துக்குடியிலும் நமது பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் செல்வர் வாங்குவதற்கு வரிச்சலுகை தேவையில்லை. ஐம்பது லட்சம் கொடுப்பவர் சலுகையில்லாவிட்டால் கொடுக்காமல் இருந்துவிடுவாரா? நம் நாட்டில் மலிவு வழியிலேயே போனவர்களும் உண்டு. 2001-இல் பெங்களூரில் வெளிவந்த ரேவா சின்னஞ்சிறு வண்டி. அன்று அதை ஆதரிப்பாரின்றி விட்டுவிட்டு, இன்று இரண்டு டன் வண்டிக்கு ஆரத்தி எடுக்கிறோம்.

சாமானியருக்குரிய மின்சார வண்டி ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதே மகிழ்ச்சிக்குரியது. அது ஒசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் ராணிப்பேட்டையிலும் செய்யப்படும் ஸ்கூட்டர். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓடினால் ஆயிரம் கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இருபது லிட்டர் வேண்டும். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 1,900 ரூபாய். மின்சார ஸ்கூட்டருக்குச் சுமார் 30 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றே வைத்தாலும் 210 ரூபாய். சாதாரணப் பிளக்கில் ஏறும், டிரான்ஸ்பார்மர் நோகாது. மாதம் 1,700 ரூபாய் மிச்சம் என்பது சேதராப்பட்டுத் தொழிலாளிக்குச் சம்பள உயர்வுக்குச் சமானம். அடுத்தது பேருந்து. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. நமது நகரத்திற்கும் 25 பேருந்துகள் ஒதுக்கப்பட்டன. அத்தகைய பேருந்துகள் கொம்யூன் கிராமங்களின் உள்ளே வரவேண்டும். நகரத்துக் கடற்கரையைச் சுற்றி வந்து நின்றுவிடலாகாது. வில்லியனூர்த் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னர் காலந்தொட்டு ஆளுவோரும் ஊராரும் சேர்ந்து பிடிப்பது வழக்கம். அவ்வூரில் தனியொருவருக்கான ரதத்திற்கு மட்டும் பொதுப் பணம் வடம் பிடிப்பது பொருத்தமாயில்லை.

புதுச்சேரி சர்க்காருக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் மலிவு. கடலூர், விழுப்புரம் வண்டிகளும் எல்லைக்கு வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன. அந்த வரி வருமானம் சர்க்காருக்கு முக்கியமானது. மின்சார வண்டி பெருகினால் அது குறையும். ஆகவே எல்லைப் பம்புகளை நம்பியிருக்கும் பொக்கிஷம் மின்சாரப் பேருந்தை எவ்வளவு உற்சாகத்தோடு வரவேற்கும் என்பதைப் பொறுத்துப் பார்க்கவேண்டும். பெட்ரோலில் வரும் வரியில் ஒரு பங்கையேனும் கிராம மின்கம்பிக்கென்று ஒதுக்கி வைப்பது, வருமானம் குன்றும் காலத்திற்கு முன்னேற்பாடாகவும் இருக்கும்.

செய்யவேண்டியவை சில உண்டு. இருபது லட்சத்திற்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு, அந்த மேற்பட்ட பகுதியின் மீது, நார்வேயைப் போல், பிற கார்களுக்குள்ள வரியை விதிக்குமாறு நமது பிரதிநிதி வரிக் கௌன்சிலில் வற்புறுத்தவேண்டும். புதுச்சேரிக்கும் அங்கே ஓர் ஆசனமும் வாக்கும் உண்டு. பொது நிலையத்தில் மின்னேற்றும் கட்டணத்தின் மீதுள்ள 18 சதத்தை 5 ஆக்கும்படி அதே வாயால் கேட்கலாம். உள்ளூரில் செய்யவேண்டியது டிரான்ஸ்பார்மரும் கம்பியும். நமது மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தார் கட்டண மனுவின் மீது புதுச்சேரியில் பொது விசாரணை நடத்துவது வழக்கம். அதில் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. மின்கட்டண ரசீது வைத்திருக்கும் எவரும் கொடுக்கலாம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எந்தெந்தத் தெருவின் டிரான்ஸ்பார்மர் இவ்வாண்டு மாற்றப்படும், அதற்கு எவ்வளவு பணம் வைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை ஊருக்கு ஒருவர் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த விசாரணைக்குச் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.